சேனல் நூற்றிருபது

க்டினியா. துறைமுகம் பார்த்த நாலாவது மாடி.
ஜன்னலில் கள்ளிச்செடி, அதன் முதுகில் சாய்ந்து ரவுட்டர்.
கையால் பேசுவது என் பிழைப்பு.
காது கேளாதவர் ஆஸ்பத்திரியில் இருப்பார்,
மருத்துவர் அவருக்கு எதிரில்,
நான் இருவருக்கும் நடுவே
தண்ணீர்க் குடுவையில் சாய்த்துவைத்த டேப்லெட்டில்.

நவம்பர், செவ்வாய், பத்தேகால்.
ட்ஸெஸாரி, கப்பல் பட்டறை வெல்டர்.
மருத்துவர் வாய் திறந்தார், நான் கை தூக்கினேன்.
கட்டி.
கெட்ட கட்டி.

நின்றுவிட்டது.
என் திரையில் அவர் முகம் சதுரம் சதுரமாக உதிர்ந்தது.
அவர் திரையில் நான்
அரைக்கண் மூடி, விரல் விரித்து,
வாய் கோணி நின்றேனாம். பிறகு சொன்னார்.

மிச்சமிருந்தது ஒரு சொல்: 'அல்ல'.
நான் கட்டுகிற வாக்கியத்தில்
அது கடைசியில்தான் வரும்.
வண்டியின் கடைசிப் பெட்டி,
அதில்தான் ஆள் இருந்தார்.

செருகியைப் பிடுங்கினேன்.
முப்பது எண்ணச் சொல்வார்கள், பதினேழில் விட்டேன்.
பச்சை, பச்சை, நடுவில் ஒரு ஆரஞ்சு.
பெயர்ப்பட்டியலில் அண்டை வீடுகள் எல்லாம் இருந்தன,
நாய்ப்பெயர் வைத்த வீடு, 'திருடாதே' என்று பெயர் வைத்த வீடு,
என் வீடு மட்டும் இல்லை.
மறுபடி பிடுங்கினேன்.
ஆஸ்பத்திரிக்குப் ஃபோன் போட்டேன்:
'நீங்கள் வரிசையில் ஒன்பதாவது.' பிறகு வயலின்.
மூன்றாம் தடவை பிடுங்கியபோது கள்ளி குத்தியது.

பத்து முப்பத்தெட்டுக்குத் தானாக வந்தது,
ஒன்றும் நடக்காத மாதிரி.

அங்கே நடந்தது இது:
நான் முழுசும் சொல்லிவிட்டேன் என்று நினைத்து
மருத்துவர் சிரித்திருக்கிறார்.
கெட்ட கட்டி என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிற மருத்துவரை
ட்ஸெஸாரி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.
தாளை நீட்டினாராம். மருத்துவர் எழுதினாராம்.
மருத்துவர் கையெழுத்து.
போலிஷும் இல்லை, லத்தீனும் இல்லை,
இதயத்துடிப்பு வரைகோடு மாதிரி ஏதோ.

நான் 'அல்ல' என்றேன்.
இரண்டு கையாலும், நாலு தடவை.
அவர் நாற்காலியை விட்டு எழுந்து போய்
ஜன்னலைத் திறந்து
குளிரை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

இரவு, பெட்டியின் பதிவேட்டைத் திறந்தேன்.
கம்பெனியில் இருந்த பையன் யேஜி
ஃபோனில் பொறுமையாக வழி சொன்னான்.
பொடி எழுத்தில் ஒரு வரி:
ரேடார் தென்பட்டது. சேனல் 120 காலி செய்யப்பட்டது.

எங்கேயோ மழையைத் துழாவுகிற ஒரு கண்
என் சன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது.
அதன் அலை கேட்டால் என் பெட்டி வாய் மூட வேண்டும்.
சட்டம். அந்த வரிசைக்குத் திரும்ப வேண்டுமென்றால்
பத்து நிமிடம் காதை மட்டும் திறந்துவைத்து
யாரும் பேசவில்லை என்று உறுதி செய்த பிறகே
தன் முதல் சொல்லைச் சொல்லலாம்.
நானோ பிடுங்கிப் பிடுங்கி
அந்தப் பத்து நிமிடத்தை
மறுபடி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவைத்திருக்கிறேன்.

கோபம் வரவில்லை, அதுதான் எரிச்சல்.
இவ்வளவு மரியாதை தெரிந்த ஜந்து
இந்த வீட்டில் வேறு எது?
நான் மருத்துவர்களை இடைமறிப்பேன்,
யேஜியை இடைமறித்தேன், மூன்று முறை.

முப்பத்தாறுக்கு மாற்றினேன்.
அங்கே ரேடார் வராதாம், காத்திருக்க வேண்டாமாம்.
அப்படியும் நம்பாமல்
மஞ்சள் கேபிள் ஒன்று வாங்கி
சமையலறை வழியாக இழுத்துவிட்டேன்,
தினமும் இரண்டு தடவை தடுக்குகிறது.

இப்போதெல்லாம் 'அல்ல'வை முதலில் போடுகிறேன்.
அல்ல, கெட்ட கட்டி.
இல்லை, ஆபரேஷன்.
இலக்கணம் உடைகிறது, தெரியும்.
சென்ற வாரம் ட்ஸெஸாரி கேட்டார்,
வெல்டிங் கையுறை கழற்றிய கறுத்த விரல்களால்:
'யார் உனக்கு மொழி சொல்லிக் கொடுத்தது?'

பதில் சொல்லக் கை தூக்கினேன்.
ஓரக்கண்ணால் ஒரு தடவை
பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டேன்.